பார்த்துக் கொடுங்கள்

கிராமத்துப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கும் வேலையில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். வகுப்பை முடித்துச் சென்றவர்களை ஓராண்டுக்குள் ஒரு முறையாவது வீடு தேடிச் சென்று பார்ப்பது என் வழக்கம். அப்படிப் போகும்போது எல்லாரிடமும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன். முதன்முதலாகத் தைத்துக் கொடுத்த துணியை வாங்க வந்தவர் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்பதே அது. பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பாத்துக் குடுங்கன்னு சொன்னேன் டீச்சர்."

அந்த இரண்டு சொற்களைத் தொடக்கத்தில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணிவு என்றும், அக்கம்பக்கத்து உறவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத நல்ல குணம் என்றும் நினைத்துக்கொண்டேன். அது வேறு ஒன்று என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின. ஆறு மாதம் நாங்கள் அவர்களுடைய கையைப் பழக்கினோம். அந்தக் கையின் உழைப்புக்கு இதுதான் விலை என்று வாய் திறந்து சொல்லப் பழக்கவே இல்லை. தைக்கத் தெரிந்த பெண்ணை உருவாக்கிவிட்டு, அவளுடைய கூலியைத் தீர்மானிக்கும் உரிமையை மீண்டும் வேறொருவர் கையிலேயே விட்டுவிட்டோம். ஏழைப் பெண்களுக்கான தொழிற்பயிற்சியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்த ஒரு குறையைச் சுற்றியே இருக்கிறது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், நாற்பதை நெருங்கும் வயது. முதல் மாதம் முழுவதும் பழைய செய்தித்தாளில் அளவு எடுத்து வெட்டுவதுதான் பாடம். அவர் வெட்டிய கைக்குழியின் வளைவு வகுப்பிலேயே மிக அழகாக இருக்கும். ஒரு முறை வரைந்தால் போதும், அழித்துத் திருத்த வேண்டியிருக்காது. ஆனால் தாளிலிருந்து துணிக்கு மாறிய நாளில் கத்தரிக்கோலைத் துணியின் ஓரத்தில் வைத்தபடியே வெகுநேரம் நின்றார். கை நடுங்கியது. "தப்பா வெட்டிட்டா துணி போயிடுமே டீச்சர்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தைரியம் சொன்னார்கள். கடைசியில் கண்ணை ஒரு கணம் இறுக மூடித் திறந்து, ஒரே இழுப்பில் வெட்டினார். வளைவு தாளில் இருந்ததைப் போலவே துணியிலும் வந்திருந்தது. அன்று மாலை அந்தத் துண்டை மடித்துத் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

பயிற்சி முடிந்து நான்கு மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். தெரிந்தவர் ஒருவருக்காக ஆறு பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. காஜாக்கள் ஒரே நேர்கோட்டில் இருந்தன. உள்பக்கத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர்கள் பார்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன் என்றார். இருவரும் தரையில் உட்கார்ந்து, கிழித்துப் போட்டிருந்த அளவுத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். நூல், பட்டன், காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், நூல் வாங்கப் போய்வந்த பேருந்துச் செலவு ஆகியவற்றை முதலில் கழித்தோம். பிறகு எத்தனை இரவுகள், ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். மீதியை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்கு அவருக்குக் கிடைத்தது வயல் வேலைக் கூலியில் பாதிகூட இல்லை. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் நஷ்டத்துக்குத்தான் தைச்சேனா?" என்று கேட்டார். ஆறு மாதப் பாடத்திட்டத்தில் ஒரு நாள்கூட இந்தக் கணக்கை நான் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

பயிற்சி மையங்களில் எண்ணப்படுவது எது என்பதிலிருந்தே இந்தக் குறை தொடங்குகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்பவை பதிவேட்டில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே நாளில் அவர்களில் எத்தனை பேர் தங்கள் உழைப்பால் சம்பாதிக்கிறார்கள், அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது. எண்ணப்படாத ஒன்றுக்காக யாரும் திட்டமிடுவதில்லை. கிராமப்புற இளைஞர்களுக்கான சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இந்தியாவில் இந்த வகையில் ஒரு நல்ல முன்மாதிரியைக் கொண்டிருக்கின்றன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரே என்னும் ஊரில் தொடங்கிய மாதிரியைப் பின்பற்றி உருவான இந்த நிறுவனங்களில் பயிற்சி குறுகிய காலத்தில் முடிந்துவிடும். ஆனால் முடித்தவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, வங்கிக் கடன் பெறவும் தொழிலைத் தொடங்கவும் துணை நிற்க வேண்டும் என்பது அதன் விதியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக் காலத்தைவிடப் பின்தொடரும் காலம் பல மடங்கு நீளமாக இருப்பதுதான் சரியான விகிதம் என்று என் அனுபவமும் சொல்கிறது.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் வீட்டு வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் 76.2 விழுக்காட்டு நேரம் பெண்களுடையது. சராசரியாக ஒரு பெண் ஒரு நாளில் 4 மணி 25 நிமிடங்களை இதற்குச் செலவிடும்போது ஆண் செலவிடுவது 1 மணி 23 நிமிடங்கள். தண்ணீரும் விறகும் வீட்டு வாசலுக்கு வராத கிராமங்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதலாகவே இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடியும் வகுப்பு யாருடைய நாளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்று நான் பல முறை யோசித்ததுண்டு. பாதியில் நின்றுவிடும் பெண்ணைப் பற்றி "ஆர்வம் இல்லை" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அவளுக்கு ஆர்வம் இருந்தது. மாமியாருக்குக் காய்ச்சல் வந்திருக்கும், அல்லது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிருக்கும்.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் இளைஞர்களைக் கைவினைஞர்களிடம் சேர்த்துத் தொழில் பழக்கிய ஒரு திட்டத்தை ஆராய்ந்தவர்கள் இதையே கண்டார்கள். குடும்பப் பொறுப்புகளால் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அதோடு, பயிற்சிக் காலத்தை ஓட்டுவதற்குத் தங்கள் சொந்தச் சேமிப்பையும் கரைக்க வேண்டியிருந்தது. இலவசப் பயிற்சி என்று நாம் சொல்வது ஏழைப் பெண்ணுக்கு இலவசம் அன்று. அவள் அந்த நாளின் கூலியை இழந்துவிட்டுத்தான் நம் எதிரில் வந்து உட்கார்கிறாள். இதை உணர்ந்த பிறகு என் வகுப்பை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மாதங்களைக் கூட்டினேன். அறையின் ஒரு மூலையில் பாய் விரித்துக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கினேன். பயிற்சிப் பெண்களே முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பாதியில் நிற்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

படிப்பறிவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல பயிற்சிகளுக்கு எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு தகுதி வைத்துவிடுகிறார்கள். எந்தப் பெண்ணுக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவள் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறாள். ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி இந்த எண்ணத்தையே புரட்டிப் போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத நடுத்தர வயதுப் பெண்களையும் பாட்டிமார்களையும் அழைத்து, ஆறு மாதங்களில் சூரிய மின்விளக்குகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த பெண்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொதுமொழியே கிடையாது; நிறங்களையும் சைகைகளையும் கொண்டு பாடம் நடந்தது. ஊர் திரும்பிய அந்தப் பெண்கள் தங்கள் கிராமங்களுக்கு வெளிச்சம் கொண்டுபோனார்கள். இளைஞர்களைப் பழக்கினால் அவர்கள் சான்றிதழோடு நகரத்துக்குப் போய்விடுவார்கள், ஊரோடு வேரூன்றிய வயதான பெண்கள் போகமாட்டார்கள் என்பதைக் கவனித்து எடுக்கப்பட்ட முடிவு அது. நானும் அளவுகளை எழுதிக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு, நூலில் முடிச்சுப் போட்டு அளவு வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்திருக்கிறேன். தோளுக்கு ஒரு நிற நூல், மார்புக்கு ஒரு நிற நூல், உயரத்துக்கு ஒன்று. எண்ணால் எழுதியவர்கள் வெட்டியதைவிட அவர்கள் வெட்டியது ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை.

எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு வரும்போது, தையல் ஆசிரியையான நானே தையலுக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. பெண்களுக்குப் பயிற்சி என்றவுடன் தையலும் அழகுக்கலையும் மட்டுமே நினைவுக்கு வருவது நம்முடைய சோம்பல். ஒரே சிற்றூரில் முப்பது பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தால், முப்பது பேரும் ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் பிடித்திழுத்துக் கூலியை மேலும் குறைத்துக்கொள்வார்கள். இப்படி ஓர் ஊரையே நான் கெடுத்திருக்கிறேன். முதல் பிரிவு நன்றாகப் பிழைத்தது. இரண்டாம் பிரிவு தடுமாறியது. மூன்றாம் பிரிவில் படித்த பெண்கள் பாதிக் கூலிக்குத் தைக்கத் தொடங்கியதும், முதல் பிரிவில் படித்தவர்களும் படுத்துவிட்டார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் பாகிஸ்தானிலும் பிலிப்பைன்ஸிலும் முயன்று பார்த்த கிராமப்புறப் பயிற்சி முறை, இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியது. அந்தப் பகுதியில் எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்குத் தேவை இருக்கிறது, யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதை முதலில் ஊராரோடு சேர்ந்து கண்டறிவது, அதன் பிறகே பயிற்சியை வகுப்பது என்பது அதன் அடிப்படை. மின்மோட்டார் பழுதுபார்ப்பது, கைப்பேசி சரிசெய்வது, கால்நடைக்கு முதலுதவி செய்வது, பழைய துணிகளைத் திருத்தித் தருவது என்று தேடினால் ஒவ்வோர் ஊரிலும் ஆள் இல்லாத வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. இவை ஆண்களின் வேலை என்று ஊர் சொல்லும். முதல் பெண் செய்து காட்டும்வரைதான் அந்தப் பேச்சு இருக்கும்.

விலை சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அது தனி ஆளாக இருந்தால் வருவதில்லை. எலா பட் 1972-இல் அகமதாபாத்தில் சேவா எனப்படும் சுயதொழில் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியபோது, அதைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்ய அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். இந்தப் பெண்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பீர்கள் என்பது அவர்களுடைய வாதம். சங்கம் யாரையும் எதிர்ப்பதற்காக இல்லை, தொழிலாளர்கள் ஒன்றுபடுவதற்காக என்று விடாமல் எடுத்துச் சொல்லி அந்த ஆண்டே பதிவு பெற்றார்கள். 1974-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையும் தொடங்கினார்கள். தனித்தனியே சொற்பக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட்டாக நின்று கூடுதல் கூலி கேட்கும்போது எதிரில் இருப்பவர் காது கொடுக்கிறார் என்பதை அந்தச் சங்கம் உலகுக்குக் காட்டியது.

அதே சேவா வங்கியின் வாடிக்கையாளர்களிடையே நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த நாளை என்னால் மறக்க முடியாது. இரண்டு நாள் தொழில் ஆலோசனைப் பயிற்சிக்குச் சில பெண்களைத் தனியாக அழைத்தார்கள். சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான். நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தோழியோடு வந்தவர்களே தொழிலுக்காகக் கடன் வாங்குவதிலும் தொழிலை வளர்ப்பதிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். தனியாக வந்தவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. வெளியே போகவர அதிகக் கட்டுப்பாடு உள்ள குடும்பத்துப் பெண்களிடம்தான் தோழியால் விளைந்த பயன் மிகுதியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் விண்ணப்பங்களை ஒற்றையாக வாங்குவதில்லை. "யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஜோடியாக வந்தவர்கள் பயிற்சி முடிந்தும் ஒரே மிஷினைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருத்தி விலை சொல்லத் தயங்கினால் இன்னொருத்தி சொல்லிவிடுகிறாள்.

மிக ஏழையான பெண்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது என்பதையும் மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த வேளைக்கு வழியில்லாதவளால் ஆறு மாதம் கழித்து வரப்போகும் வருமானத்துக்காகக் காத்திருக்க முடியாது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய திட்டம் இதைப் புரிந்துகொண்டு வகுக்கப்பட்டது. தொழில் செய்ய ஒரு சொத்து, அதைப் பேணப் பயிற்சி, வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு உதவித்தொகை, சேமிக்கும் பழக்கம், வாரந்தோறும் வீடு தேடி வரும் ஒரு வழிகாட்டி ஆகிய எல்லாவற்றையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கொடுத்தார்கள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இந்த முறையைப் பரிசோதித்து 2015-இல் வெளியான ஆய்வில், திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் அந்தக் குடும்பங்களின் நிலை மேம்பட்டே இருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் செலவுக்கு ஈடான பயன் கிடைக்கவில்லை. அங்கே பெரும்பாலான குடும்பங்கள் தேர்ந்தெடுத்த கோழிகள் நோயில் மடிந்துபோயின. இதைப் படிக்கும்போதெல்லாம் இறந்த கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கக்கூடிய அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன். சொத்தைக் கொடுத்தவர்கள் அந்த நோயையும் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

சொத்து என்று சொல்லும்போது அது யாருடைய சொத்து என்பதையும் கேட்க வேண்டும். பெண்களின் சிறுதொழிலுக்கு மானியம் கொடுத்தால் லாபம் ஏறுவதில்லை என்று பல ஆய்வுகள் முன்பு சொல்லிவந்தன. இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு காரணத்தைக் கண்டுபிடித்தது: பெண்ணின் பெயரில் வந்த பணம் கணவரின் தொழிலுக்குப் போய்விடுகிறது. வீட்டில் அவள் ஒருத்தி மட்டுமே தொழில் செய்யும் குடும்பங்களில் அவளுடைய லாபம் ஆண்களுடைய லாபத்துக்குக் குறையவில்லை. அவளுக்குத் திறமை இல்லை என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறார்கள்! திறமை குறையவில்லை, பணம்தான் அவள் கையில் தங்கவில்லை.

இப்போது என் வகுப்பில் முதல் வாரமே கணக்கு நோட்டு வந்துவிடுகிறது. பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்ட அன்றே, ஒரு பொத்தான் தைக்க எத்தனை நிமிடம், நூல் எவ்வளவு, இதற்கு என்ன விலை என்று எழுதியோ எழுதச் சொல்லியோ வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒருத்தி வாடிக்கையாளராகவும் ஒருத்தி தையல்காரியாகவும் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். வாடிக்கையாளராக இருப்பவள் அதட்டுவாள், பக்கத்துத் தெருவில் இதைவிடக் குறைவு என்பாள், நாளைக்குத் தருகிறேன் என்பாள். தையல்காரியாக இருப்பவள் முகத்தைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அவர்களுக்கு மிகவும் கடினம். எண்ணைச் சொன்ன கையோடு, எதிரில் இருப்பவர் பதில் சொல்லும் முன்பே, தாங்களாகவே குறைத்துவிடுவார்கள். எத்தனையோ முறை நிறுத்தி, மீண்டும் சொல்ல வைத்திருக்கிறேன்.

கத்தரிக்கோலோடு கண்ணை மூடி நின்ற அந்தப் பெண் இன்று தன் தெருவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சீருடை தைக்கிறார். முன்பணம் வாங்காமல் துணியை வெட்டுவதில்லை. ஆனால் அவரோடு அதே பிரிவில் படித்த இன்னொருவரின் மிஷின், போன முறை நான் போனபோது வீட்டில் இல்லை. கொழுந்தனார் கடையில் இருக்கிறது, அவருக்கு வேலை இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவருக்கு வேலை இல்லாத நேரம் எது என்று கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்கு மேல டீச்சர்" என்றார். அவருடைய தோழியையும் அழைத்துக்கொண்டு வரும் வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். கணவர், மாமியார், கொழுந்தனார் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். கணக்கு நோட்டை எடுத்து வைத்திருக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.